நீலாவுக்காக வைத்த ஆட்களின் வேலைநிறுத்தம்

சிநேகிதத்தை விலைக்கு வாங்க முடியாது என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் பச்சையம்மா வறுத்த நெத்திலியைத் தின்றதில்லை. என்னை வாங்கினார்கள். விலை, ஒரு கைப்பிடி நெத்திலி. என் கைப்பிடி அல்ல, பச்சையம்மாவின் கைப்பிடி, அது பெரியது. இன்றைக்கும் அந்த விலைக்கு நான் தயார்தான். கேட்பாரில்லை.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் எங்கள் சந்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கூட்ஸ் வண்டித் தண்டவாளம். நடுவில் பச்சையம்மாவின் அடுப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அவள் மீன் வறுத்து விற்றாள். ஒருமுறை துறைமுகத்துக்குள் போக வேண்டிய கப்பல் ஒன்று அந்த வாசனை பிடித்து எங்கள் சந்துப் பக்கம் மூக்கைத் திருப்பிவிட்டது. நாலு படகு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நம்பாதவர்கள் கப்பலைக் கேட்டுக்கொள்ளலாம்.

பச்சையம்மாவுக்கு ஒரே பெண், நீலா. என் வயது, ஒன்பது. பிறந்தபோது அவள் மூச்சு விடலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாளாம். யோசித்து முடிப்பதற்குள் ஒரு காலும் ஒரு கையும் நாக்கும் அவளோடு கோபித்துக்கொண்டுவிட்டன. கால் கோலின் துணையில்லாமல் வராது. கை ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் போகும். நாக்கு ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கும். புத்திக்கு ஒன்றுமில்லை. அது எங்களுக்கெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, நாக்கு வந்து சேரட்டும் என்று காத்திருக்கும்.

நாங்கள் மணலில் கில்லி ஆடும்போது அவள் கரையேற்றி வைத்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து பார்ப்பாள். பார்ப்பது மட்டும்தான். ஒருநாள் பச்சையம்மா எங்களிடம் வந்து கேட்டாள்.

"ஏண்டா, எம்பொண்ணையும் சேத்துக்கினா இன்னா? கொறஞ்சா பூடுவீங்க?"

"அவ வுழுந்து கிழுந்து வெச்சா நீ எங்களத்தான் மொத்துவே அத்தே" என்றான் அமீர். உண்மைதான். பச்சையம்மாவின் மொத்து சந்தில் பேர் பெற்றது.

அன்று சாயங்காலமே எங்களைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்காரவைத்து ஒப்பந்தம் பேசினாள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து விளக்கு வைக்கிறவரை நீலாவோடு ஆடவேண்டும். அவளை யாரும் அவுட் ஆக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளோடு யாரும் 'காய்' விடக்கூடாது. சுண்டுவிரலை நீட்டி "போ, காய்" என்றால் அந்தப் பிள்ளைகளுக்குள் பேச்சு முறிந்தது என்று அர்த்தம்; திரும்ப 'பழம்' விடுகிறவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். நாங்கள் மூன்று பேரும் வாரத்தில் பாதி நாள் காயிலேயே இருப்பவர்கள். பச்சையம்மாவுக்கு அது தெரியும். "எம்பொண்ணு மனசு தாங்காது" என்றாள்.

மூன்று பேர் என்றேனே: அமீர், நான், அப்புறம் ஜெயக்கொடி. ஜெயக்கொடி மளிகைக்கடை அய்யாத்துரையின் மகள். அப்பா தெற்கத்திச் சீமைக்காரர், மகள் ராயபுரத்துக்காரி. தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். ஒரு பொருளைக் கையில் வாங்கினால் எடை சொல்லுவாள்.

ஆட்டம் தொடங்கியது. கில்லி ஆட்டத்தில் குழிக்குக் குறுக்கே வைத்த சின்னக் குச்சியைக் கோலால் நெம்பித் தூக்கி எறியவேண்டும். எதிரில் நிற்கிறவர் அதை அந்தரத்தில் பிடித்துவிட்டால் அவுட். நீலா முட்டி போட்டு உட்கார்ந்து எறிவாள். கில்லி எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, கில்லிக்கும் தெரியாது. ஒருதரம் அது போய்க்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியில் விழுந்து பெஜவாடா போய்விட்டது. அடுத்த வாரம் அதே வண்டியில் திரும்பி வந்தது. கொஞ்சம் தெலுங்கு வாடை அடித்ததே தவிர, மற்றபடி நன்றாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட எறியைப் பிடிக்கத்தான் எங்கள் கை துடிக்கும். ஆனால் கைக்கு வந்த கில்லியைக் கீழே விடவேண்டும். விடுவோம். "ஐயோ, வுட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொள்வோம். நீலா சிரிப்பாள். விளக்கு வைத்ததும் நெத்திலி.

இது இப்படியே போயிருக்கும். மழைக்காலம் வந்து கடல் கெட்டுவிட்டது. கட்டுமரங்கள் போகவில்லை, நெத்திலி வரவில்லை. பச்சையம்மா எங்களுக்குத் தலையும் தூளுமாகப் போட ஆரம்பித்தாள். முதலில் கண்டுபிடித்தவள் ஜெயக்கொடி.

"இது பாதி எடகூட இல்ல. அதுலயும் முக்காவாசி தலை."

"இன்னா பண்ணலாம்?"

"இன்னா பண்ணுவாங்க? ஸ்டிரைக்குதான்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். எங்கள் பேட்டையில் குழந்தை முதலில் 'அம்மா' என்னும், அடுத்தது 'வாழ்க' என்னும், அதற்கடுத்தது 'ஒழிக' என்னும். பல் முளைப்பதெல்லாம் பிறகுதான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று பேரும் பச்சையம்மா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தோம்.

"தலை வேணாம்! தலை வேணாம்!"

"முழு மீனு குடு! முழு மீனு குடு!"

பச்சையம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "அடப் பேமானிங்களா! கடல்லயே மீன் இல்ல, நா இன்னா என் தொடையிலேர்ந்து அறுத்துக் குடுக்கறதா? எழுந்து போங்கடா! ஊர்ல வேற புள்ளைங்களே இல்லியா?"

நாங்கள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கோல் ஊன்றுகிற சத்தம் கேட்டது. நீலா வந்தாள். தோளில் அவள் அப்பாவின் சிவப்புத் துண்டு. வாசலைத் தாண்டி, எங்கள் வரிசைக்கு வந்து, ஜெயக்கொடியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ இங்க குந்தக்கூடாது நீலா. நீ மொதலாளி வூட்டுப் பொண்ணு" என்றாள் ஜெயக்கொடி.

நீலா தலையை ஆட்டினாள். "நா… னு… ம்."

"நீயும் இன்னா? மீனா?" என்றான் அமீர். நீலா தொடங்கிய பேச்சை முடித்துவைப்பது அவன் வழக்கம். எப்போதும் தப்பாக முடிப்பான். "உங்க வூட்டு மீன் உனக்கு இல்லாமயா?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. துண்டை எடுத்து ஜெயக்கொடியிடம் நீட்டினாள். எங்களிடம் கொடி இல்லை. அதை நாங்கள் மூன்று பேருமே கவனிக்கவில்லை. ஜெயக்கொடி துண்டை வாங்கி நீலாவின் கோலிலேயே கட்டினாள்.

"ஏய்! நீ எங்கடி அங்க போய் குந்திகினு கீற? உள்ள வா!" பச்சையம்மா கத்தினாள். முதலாளிமார் கத்துகிற மாதிரியே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரகுபதி மாமா வேலை முடிந்து வந்தார். நீலாவின் அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், சங்கத்துக்காரர். வாசலில் கொடியையும், கொடிக்குக் கீழே தன் மகளையும் பார்த்தார். நின்றுவிட்டார்.

"யோவ், உள்ள வாய்யா. சோறு ஆறிப்போவுது."

"எப்டிமே வர்றது? ஸ்டிரைக்கு நடக்குதே."

"இது நம்ம வூடுய்யா!"

"வாசலு வாசல்தான். இதத் தாண்டினா நாளைக்கு ஹார்பர்ல எவன் என்ன மதிப்பான்?"

அவரும் எங்களோடு தெருவில் உட்கார்ந்தார். பச்சையம்மா சோற்றுக் குண்டானை அங்கேயே கொண்டுவந்து தொப்பென்று வைத்தாள். அதில் பாதியை நாங்கள் சாப்பிட்டோம். ஸ்டிரைக் நிதி என்று மாமா மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் பச்சையம்மா முதலாளிகள் செய்கிற வேலையைச் செய்தாள். தண்டையார்பேட்டைக்குக் கருவாடு விற்கப் போனவள், அங்கேயிருந்து நாலைந்து பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நெத்திலி இல்லை, எங்கே கடன் சொல்லி வாங்கினாளோ, ஆளுக்கு ஒரு வஞ்சிரத் துண்டு! எங்களுக்கு வயிறு எரிந்தது. ஜெயக்கொடியே எச்சில் விழுங்கினாள்.

நீலா எழுந்தாள். கோலை ஊன்றி ஊன்றிச் சந்து முனைக்குப் போனாள். சுவரில் சாய்ந்துகொண்டு, கொடி கட்டிய கோலைக் குறுக்கே நீட்டினாள். பையன்கள் நின்றார்கள்.

"க…" என்றாள் நீலா.

"இன்னாவாம்?" என்றான் ஒருவன்.

"ரு…"

இன்னொருவன் காதைத் தீட்டிக்கொண்டு கிட்டே வந்தான். பாதி வார்த்தையைக் கேட்டவன் மீதியைக் கேட்காமல் போகமாட்டான். அது மனித சுபாவம். "ங்…" என்றபோது ஒருவன் கீழே உட்கார்ந்துவிட்டான். பச்சையம்மா கையில் வஞ்சிரம் ஆறிக்கொண்டிருந்தது.

"கா… லி."

அந்தப் பையன்களின் அப்பாக்கள் மில்லிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவனை எந்தக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாலும் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பான். ஸ்டிரைக்கை உடைக்க வந்த கருங்காலி என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள். பையன்கள் நீலாவைப் பார்த்துக் கெஞ்சினார்கள்.

"யக்கா, ஸ்டிரைக்குன்னு எங்களுக்குத் தெரியாதுக்கா! எங்க நைனாவாண்ட சொல்லிடாதக்கா, தோல உரிச்சிடும்!"

ஓடினார்கள். பாரிஸ் கார்னரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தண்டையார்பேட்டை பஸ்ஸை அவர்கள் முந்திக்கொண்டு போனதாக அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னார்கள். பஸ் ஓட்டுகிறவர் அன்று முழுக்க மனம் விட்டுப் போயிருந்தாராம்.

நாங்கள் கை தட்டினோம். பச்சையம்மா தட்டவில்லை. வஞ்சிரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. எண்ணெய்ப் புகை என்று சொல்ல முடியாது, அடுப்பு அணைந்திருந்தது.

"உனக்காகத்தானேடி இவ்ளோவும் பண்றேன்? வந்தவங்களத் தொரத்தி வுட்டுட்டியே. நாளைக்கு நா பூட்டா உங்கூட பேசறதுக்கு ஒரு நாதி வேணாவா?"

அதற்குள் வேலை முடிந்து வந்திருந்த ரகுபதி மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேச்சுவார்த்த வெச்சிக்கலாம்மே" என்றார்.

முதலாளி தரப்பு வாசற்படியில். தொழிலாளர் தரப்பு தெருவில். மாமா நடுவில், முட்டி போட்டு. ஜெயக்கொடி எழுந்து, தலை வேண்டாம், எடை குறையக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை லீவு என்று கோரிக்கைகளைச் சொல்லி உட்கார்ந்தாள். அப்போது நீலா கோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அவ இன்னா சொல்றான்னா…" என்று அமீர் தொடங்கினான்.

"அவளுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் பச்சையம்மா.

மாமா தரையில் ஓங்கித் தட்டினார். "உக்காரு! சங்கத்துல ஒருத்தர் எழுந்து நின்னுட்டா, அவங்க முடிக்கறவரைக்கும் எவனும் குறுக்க வாயத் தொறக்கக் கூடாது. தலைவரா இருந்தாலும் சரி, மொதலாளியா இருந்தாலும் சரி."

நீலா பேசினாள். நாங்கள் காத்திருந்தோம். தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி எஞ்சினிலிருந்து கார்டு பெட்டி வரைக்கும் முழுசாகப் போனது. கடல் ஒருதரம் எட்டிப் பார்த்து, இன்னும் முடியவில்லையா என்று திரும்பிப் போனது. ஒருவரும் அவள் வார்த்தையை முடித்துவைக்கவில்லை. அதுவரைக்கும் அவளை யாருமே முடிக்க விட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்; இடைவெளிகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"இவங்க வேணும்னே கில்லிய வுடறாங்க. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நா சிரிக்கணும். தெனமும் சிரிக்கணும். இவங்க வேலையவிட என் வேல கஷ்டம். எனக்கு மட்டும் கூலி இல்ல."

தலையில் அடித்துக்கொண்டு நடித்தது நாங்கள். எங்களைவிடப் பெரிய நடிகை எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்!

மாமா எழுந்து நின்று, கூட்டத்தில் கேட்கிற மாதிரியே கேட்டார். "தோழர் நீலா, உங்க கோரிக்கை இன்னா?"

"அ… வு… ட்."

"அவுட்டா?" பச்சையம்மா பதறினாள். "அவுட் ஆனா நீ அழுவியேடி?"

நீலா யோசித்தாள். "அ… ழு… வே… ன்" என்றாள். அதற்கென்ன என்கிற மாதிரி.

பச்சையம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு மீனைக் கொடுத்தாளோ, அந்தக் கேள்வியைக் கேட்டாள். "மீனு குடுக்கலன்னா… வருவீங்களா?"

நான் அமீரைப் பார்த்தேன். அமீர் வஞ்சிரத்தைப் பார்த்தான். ஜெயக்கொடிதான் பதில் சொன்னாள்.

"அவ அவுட் ஆவான்னா வருவோம் அத்தே. இந்தப் பேட்டையிலயே பிடிக்க முடியாத கில்லி இவ எறியறதுதான். கைல வந்து வுழுந்தத வுடறது எவ்ளோ பேஜாரு தெரியுமா உனக்கு?"

"இவன் எறியறதெல்லாம் எங்க ஆயாகூடப் பிடிக்கும்" என்று அமீர் என்னைக் காட்டினான். தேவையில்லாத பேச்சு. ஆனாலும் பதிவாகிவிட்டது.

அத்தோடு ஸ்டிரைக் முடிந்தது. கூலி ரத்து. ஆறிப்போன வஞ்சிரத்தை வெற்றி விழாவில் தின்று தீர்த்தோம். மாமா இரண்டாம் நாள் ராத்திரி தன் வீட்டுக்குள் காலை வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் மணலில் ஆட்டம். பச்சையம்மா காயப்போட்ட வலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள். அவள் உடம்புக்கு அந்த வலை போதவில்லை; எல்லோருக்கும் தெரிந்தது. நான் அம்பயர். நீலா முட்டி போட்டாள், கோலைக் குழியில் வைத்தாள், நெம்பினாள். கில்லி நேரே மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. ஒரு காக்கை அதைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டது. பிறகு கடல் பக்கம் சாய்ந்தது, மனம் மாறித் தண்டவாளத்துப் பக்கம் திரும்பியது. ஜெயக்கொடி பின்னாலேயே ஓடினாள், கட்டுமரத்தில் ஏறிக் குதித்தாள், மணலில் குப்புற விழுந்தாள். எழுந்தபோது முட்டியில் ரத்தம், கையில் கில்லி.

"அவுட்!"

நீலாவின் முகம் சிவந்தது. "இ…" என்றாள். காத்திருந்தோம். "ல்…" காத்திருந்தோம். "ல… த… ர…" கில்லி தரையில் பட்டுவிட்டது, அவுட் இல்லை என்று அவள் சொல்லி முடிக்கிறவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

"அவுட்டு!"

நீலா கோலை வீசி எறிந்தாள். சொன்னபடியே அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெயக்கொடிக்கு நேராகக் கையை நீட்டினாள். சுண்டுவிரல் மட்டும் வரவேண்டும். வரவில்லை, ஐந்து விரலும் சேர்ந்து வந்தன. மடக்கினாள். கட்டைவிரல் பிடிவாதம் பிடித்தது. ஜெயக்கொடி எதிரே தன் சுண்டுவிரலை நீட்டியபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நகரவில்லை. தன்னோடு பேச்சை முறித்துக்கொள்ள வந்தவளுக்கு, அவள் முறித்து முடிக்கிறவரைக்கும் கையைத் தாழ்த்தாமல் காத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அந்தச் சுண்டுவிரல் நடுங்கிக்கொண்டே தனியாக வெளியே வந்தது.

"கா… ய்."

"போடி, காய்!"

வலைக்குப் பின்னாலிருந்து பச்சையம்மா பாய்ந்து வந்தாள். மொத்து விழும் என்று நாங்கள் மூன்று பக்கமும் சிதறினோம். அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டிச் சந்துக்குள் ஓடினாள். அவள் குரல் தண்டவாளம் வரைக்கும் கேட்டது.

"ஏ மங்கம்மா! ஏ செல்லம்மா! வெளிய வாங்கடி! எம்பொண்ணு காய் வுட்டுட்டாடி! கடக்காரர் பொண்ணோட காய் வுட்டுட்டா! மூஞ்சில அடிச்ச மாதிரி வுட்டா தெரியுமா? ரெண்டு பேரும் பேச மாட்டாங்களாம்!"

பிள்ளைகள் காய் விட்டதற்காகச் சந்து முழுக்க மீன் வறுத்துக் கொடுத்த ஒரே வீடு அதுதான். நெத்திலி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் கடலே கொண்டுவந்து வாசலில் கொட்டியது என்று நான் சொன்னால் நம்பவா போகிறீர்கள்? ரகுபதி மாமா மறுநாள் துறைமுகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருதரம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் அவருக்குக் கை கொடுத்தார்களாம்.

காய் இரண்டு நாள் நின்றது. பிறகு பழம். பிறகு வேறு விஷயத்துக்குக் காய். இப்போது இரண்டு பேருக்கும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். ஜெயக்கொடி வாரம் தவறாமல் நீலாவைப் பார்க்க வருகிறாள். வந்தால் பேச்சு எப்படியோ சுற்றி அந்தக் கில்லிக்கு வந்து சேரும். தரையில் பட்டது என்பாள் நீலா. அதைச் சொல்லி முடிக்க இப்போது முன்னைவிட நேரம் ஆகிறது. ஜெயக்கொடி காபியை ஆற்றிக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு, படவில்லை என்பாள். அப்புறம் இரண்டு பேரும் என் பக்கம் திரும்புவார்கள்.

நான் அம்பயர். அது அவுட்டுதான்.